வளைகுடா வெயிலில் விளையாட்டும் சுகாதாரக் கல்வியும்: இரண்டும் ஒரே பாடமாகுமா?

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள புஜைராவில், இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு பயிலும் ஒரு மாணவர், மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவியல் வகுப்பில் படிக்கிறார். இதயத்தின் அறைகளையும் நுரையீரலின் பணியையும் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் பெறுகிறார். அடுத்த பாடவேளையில் அதே மாணவர் மைதானத்துக்கு ஓடச் செல்கிறார். அங்கே அவருடைய இதயம் ஏன் அவ்வளவு வேகமாகத் துடிக்கிறது, எந்த நிலையில் அவர் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதை விளக்கும் பொறுப்பு எந்த ஆசிரியருக்கு உரியது என்பது தெளிவாக இல்லை.

இந்த இடைவெளி புஜைராவுக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் பயிலும் தமிழ் மாணவர்களும் இதையே எதிர்கொள்கின்றனர். ஆனால் வளைகுடா நாடுகளின் தட்பவெப்பம் இந்த இடைவெளியை ஆபத்தானதாக மாற்றுகிறது. சுகாதார அறிவியலையும் தடகளப் பயிற்சியையும் இணைத்துக் கற்பிக்கும் யோசனை, வேறு நாடுகளில் கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதமாக இருக்கலாம். வளைகுடாவில் அது மாணவர்களின் பாதுகாப்பு தொடர்பான கேள்வியாகும்.

ஏழு எமிரேட்டுகளில் ஓமான் வளைகுடாவை மட்டுமே கடற்கரையாகக் கொண்டது புஜைரா. ஒரு புறம் கடல், மறு புறம் ஹஜர் மலைத்தொடர் என இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலப்பரப்பில் நகரம் அமைந்துள்ளது. கோடைக்காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வெயிலுடன் சேர்ந்துகொள்கிறது. உள்நாட்டுப் பாலைவனத்தின் வறண்ட வெப்பத்தைவிட, வெப்பமானியில் சற்றுக் குறைவாகத் தெரியும் இந்த ஈரப்பதம் மிக்க வெப்பம், உடலுக்குக் கூடுதல் சுமையாக அமைவதுண்டு.

வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாகாது. உடல் நீரை இழக்கிறது, ஆனால் வெப்பத்தை இழப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மாணவரின் தசைகளோ மேலும் மேலும் வெப்பத்தை உற்பத்தி செய்கின்றன. அறிவியல் புத்தகத்தில் சில வரிகளில் முடிந்துவிடும் இந்த விளக்கம், புஜைரா மைதானத்தில் உயிரைக் காக்கும் அறிவாகிறது.

காகிதத்தில் உள்ள இணைப்பு

இந்த இரு துறைகளையும் இணைக்கும் முயற்சி புதியதன்று. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., 2018-19 கல்வியாண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பகுதியைக் கட்டாயமாக்கியது. நாள்தோறும் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும், விளையாட்டு, ஆரோக்கியமும் உடற்தகுதியும், சமூகப் பணி, ஒவ்வொரு மாணவரின் உடல்நலப் பதிவேடு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும் என்றும் வாரியம் வகுத்தது. வளைகுடா நாடுகளில் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் பயில்வது இந்த வாரியத்துடன் இணைந்த பள்ளிகளில்தான். 2024ஆம் ஆண்டில் வாரியம் துபாயில் தனது மண்டல அலுவலகத்தையும் திறந்தது.

இதற்கு மேலாக, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உடற்கல்வியை விருப்பப்பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு விரிவான பாடத்திட்டம் உள்ளது. சமச்சீர் உணவு, உடலியங்கியல், விளையாட்டுக் காயங்கள், உயிர் இயந்திரவியல், பயிற்சி முறைகள், விளையாட்டு உளவியல், உடல்தகுதியை அளவிடும் சோதனைகள் ஆகியவை அதில் உள்ளன. மொத்தம் 100 மதிப்பெண்களில் 70 எழுத்துத் தேர்வுக்கும் 30 செய்முறைக்கும் உரியவை. சுகாதார அறிவியலும் தடகளமும் சந்திக்க வேண்டிய இடம் இதுவே என்று சொல்லத்தக்க அளவுக்குப் பாடப்பொருள் செறிவாக உள்ளது.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு காணப்படுகிறது. அனைவருக்கும் கட்டாயமான பகுதி பள்ளிக்குள்ளேயே மதிப்பிடப்படுகிறது. பொதுத்தேர்வின் அழுத்தம் அதற்கு இல்லை. பொதுத்தேர்வு உள்ள பாடத்தையோ, அதை விரும்பித் தேர்ந்தெடுக்கும் சிலர் மட்டுமே படிக்கின்றனர். பள்ளி அணிக்காக ஓடும் மாணவர் பொறியியல் அல்லது மருத்துவப் படிப்பை நோக்கிச் செல்பவராக இருந்தால், காயங்களைப் பற்றியும் உடல் நீரிழப்பைப் பற்றியும் முறையாகப் படிக்காமலேயே பள்ளி வாழ்க்கையை முடித்துவிடக் கூடும். அவ்வாறே, அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் பெறும் மாணவர் ஒருவர் தமது சொந்த நாடித்துடிப்பை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்காதவராக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அரசுப் பள்ளிகளும் இதே திசையில் நகர்ந்துள்ளன. கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் உடற்கல்வியும் சுகாதாரக் கல்வியும் ஒரே பெயரின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. உடற்கல்விப் பாடம் உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும் உள்ளடக்கியது. ஆக, கொள்கை அளவில் இந்த இணைப்பை எவரும் எதிர்க்கவில்லை.

இலங்கையின் அனுபவம்

தமிழ்மொழி வழியாகவே இந்த இணைப்பைச் செயல்படுத்திய நாடு இலங்கை. அங்கு ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்பது ஆறாம் தரத்திலிருந்தே ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்மொழிப் பாடநூலை அரசு இலவசமாக வழங்குகிறது. கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையில் அதனை ஒரு பாடமாகத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் உண்டு. உணவு, தொற்றா நோய்கள், முதலுதவி, மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளின் நுட்பங்கள் ஆகிய அனைத்தும் ஒரே அட்டைக்குள் அடங்கியுள்ளன.

எனினும் ஒரு நூலுக்குள் இணைப்பது மட்டும் போதுமானதா என்ற கேள்வியை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு துயரச் சம்பவம் எழுப்பியது. அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை ஒன்றின் மரதன் ஓட்டப் போட்டியில் பங்கேற்ற 16 வயது மாணவர் ஒருவர் நோய்வாய்ப்பட்டு உயிரிழந்தார். அவருக்குக் கிடைத்த மருத்துவக் கவனிப்பு குறித்து அப்பகுதி மக்கள் கேள்வி எழுப்பினர். அக்காலப்பகுதியில் நாட்டின் பல மாவட்டங்களில் கடும் வெப்பம் குறித்த எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தன. வெளிப்புற விளையாட்டுகளைத் தவிர்க்குமாறு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல்களும் வழங்கப்பட்டிருந்தன.

ஒரு மரணத்தின் மருத்துவக் காரணத்தைத் தீர்மானிப்பது மருத்துவர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரிய பணி. ஆனால் அச்சம்பவம் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான சில கேள்விகளை விட்டுச் சென்றது. போட்டியை எந்த நேரத்தில் நடத்துவது என்பதை யார் முடிவு செய்கிறார்? ஓடும் பாதையில் நீரும் நிழலும் எங்கெங்கே உள்ளன? ஒரு மாணவர் மயங்கி விழுந்தால் முதல் பத்து நிமிடங்களில் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உடன் ஓடும் மாணவர்களுக்குத் தெரியுமா? பாடநூலில் உள்ள அறிவு மைதானத்தின் நடைமுறையாக மாறியுள்ளதா என்பதற்கு இக்கேள்விகளுக்கான விடைகளே அளவுகோல்.

அளவிடப்படும் வெப்பம்

இலங்கையில் ஆண்டின் சில வாரங்களுக்கு எழும் இந்தக் கேள்வி, வளைகுடாவில் பல மாதங்களுக்கு நீடிக்கிறது. அங்கு தொழிலாளர்களின் பாதுகாப்புக்கென உருவான விதிகளில் இதற்கான ஒரு விடை ஏற்கெனவே உள்ளது.

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடை உள்ளது. இவ்விதி 20 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. கத்தார் 2021ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்றது. ஜூன் முதல் நாளிலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை வெளிப்புற வேலையைத் தடை செய்ததுடன், டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவு 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த நேரமாயினும் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது.

இந்த டபிள்யூ.பி.ஜி.டி. என்பது காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு. திறந்தவெளிக்கான கணக்கீட்டில் ஏறத்தாழ 70 சதவீத எடை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்குக் கொடுக்கப்படுகிறது. 20 சதவீதம் வெயிலின் கதிர்வீச்சைக் காட்டும் கருநிறக் கோளத்தின் அளவுக்கும், எஞ்சிய 10 சதவீதம் சாதாரண வெப்பமானியின் அளவுக்கும் உரியது. தொலைக்காட்சியில் சொல்லப்படும் வெப்பநிலைக்கு இக்கணக்கில் மிகச் சிறிய இடமே உள்ளது என்பது கவனிக்கத்தக்கது. புஜைரா போன்ற ஈரப்பதம் மிக்க கடற்கரை நகரில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உயர்நிலைப் பள்ளிகள் சங்கம் 2012ஆம் ஆண்டு முதல் இதே குறியீட்டைக் கொண்டு மாணவர்களின் பயிற்சியை முறைப்படுத்தி வருகிறது. அளவு உயர உயர, பயிற்சி நேரம் குறைக்கப்பட்டு ஓய்வு நேரம் கூட்டப்படுகிறது. அது 92 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 33.3 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளிப்புறப் பயிற்சி முற்றிலும் நிறுத்தப்படுகிறது. பயிற்சியாளரின் மனத்துணிவோ மாணவரின் ஆர்வமோ அங்கு தீர்மானிப்பதில்லை. கருவி காட்டும் எண் தீர்மானிக்கிறது.

இத்தகைய கருவி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் வைத்து, அதன் அளவை நாள்தோறும் குறிக்கும் பணியை மாணவர்களிடமே ஒப்படைத்தால், இயற்பியலும் உடலியங்கியலும் தடகளமும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஆவியாதல், கதிர்வீச்சு, நாடித்துடிப்பு, நீரிழப்பு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இல்லாமல், இன்று ஓடலாமா என்ற ஒரே கேள்விக்கான விடையின் பகுதிகளாகும்.

செப்டம்பர் மாதத்தின் ஆபத்து

வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளின் நாட்காட்டி இவ்விடயத்தில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கோடை விடுமுறை. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மாணவர்கள் திரும்புகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் சென்றவர்கள் மாறுபட்ட தட்பவெப்பத்திலிருந்து வருகின்றனர். செல்லாதவர்களில் பலர் குளிரூட்டப்பட்ட அறைகளில் இரண்டு மாதங்களைக் கழித்தவர்கள்.

மனித உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்குப் பொதுவாக 10 முதல் 14 நாட்கள் தேவைப்படுகின்றன. அந்தக் காலத்தில் இரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. வெப்பத்திலிருந்து விலகியிருந்தால் சில வாரங்களிலேயே இந்தத் தகவமைப்பு மறைந்துவிடுகிறது. எனவே பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் மைதானத்துக்கு வரும் மாணவர், ஜூன் மாதத்தில் நன்றாக ஓடியவராயினும், உடலளவில் புதியவரே.

பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளுக்கான அணித் தேர்வை விடுமுறை முடிந்தவுடன் நடத்த விரும்பும் பயிற்சியாளருக்கு இந்த அறிவு அவசியமானது. விடுமுறையில் உடற்பயிற்சி செய்யாததை ஈடுகட்ட முதல் நாளே கூடுதல் சுற்றுகள் ஓடச் சொல்வது அக்கறையின் வெளிப்பாடாகத் தோன்றலாம். ஆனால் உடலியங்கியலின்படி அது தவறான வாரத்தில் வரும் தவறான கட்டளை. இதை மாணவரும் அறிந்திருந்தால், தலைசுற்றலைச் சொல்வது பலவீனம் என்று அவர் எண்ணமாட்டார்.

வெப்பத்தாக்குக்கான சிகிச்சையிலும் இதே நிலைதான். அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கால் உயிரிழந்ததை அடுத்து இத்துறையில் ஆய்வுகள் வேகம் பெற்றன. அவர் பெயரில் 2010ஆம் ஆண்டு கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனமும் அமைக்கப்பட்டது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நடைபெறும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு உள்ளான 274 பேரைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளியானது. அவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தனர். பாதிக்கப்பட்டவர்களை அந்த இடத்திலேயே குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்தியதே அதற்குக் காரணம். முதலில் குளிர்வித்தல், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் என்பதே இன்று ஏற்கப்பட்டுள்ள விதி. இதற்குத் தேவை ஒரு பெரிய தொட்டி, நீர், பனிக்கட்டி, இதைச் செய்யத் தெரிந்த சிலர் ஆகியவை மட்டுமே.

தோஹா தந்த பாடங்கள்

மைதானத்துக்கும் உடல் பற்றிய அறிவுக்கும் இடையிலான இடைவெளி வெப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. வளைகுடாவின் மற்றொரு நகரமான தோஹாவில் நடந்த மூன்று நிகழ்வுகள் இதைக் காட்டுகின்றன. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டைச் சேர்ந்த வீராங்கனைகள் தொடர்பானவை.

2006ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சவுந்திரராஜன். பின்னர் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறி அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. மிகவும் அந்தரங்கமான மருத்துவத் தகவல் உலகச் செய்தியானது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே கலீபா அரங்கில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில், அதே 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து. தடை செய்யப்பட்ட நாண்ட்ரோலோன் மருந்து அவரது மாதிரியில் கண்டறியப்பட்டதால் அவருக்கு நான்கு ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. பதக்கமும் பறிபோனது. தாம் தெரிந்து எந்த மருந்தையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மரதன், வெப்பத்தைத் தவிர்ப்பதற்காக நள்ளிரவில் தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் ஓட்டத்தைத் தொடங்கிய 68 பேரில் 40 பேர் மட்டுமே முடித்தனர். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளுக்கு, மருத்துவக் குழு சூழ நின்ற நிலையில் ஏற்பட்ட அனுபவம் இது.

இம்மூன்றும் வெவ்வேறு வகையானவை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னும், வீரர் தமது உடலைப் பற்றிப் பெற்றிருக்க வேண்டிய அறிவும் ஆலோசனையும் எப்போது கிடைக்க வேண்டும் என்ற கேள்வி உள்ளது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட 2024ஆம் ஆண்டுக்கான புள்ளிவிவரங்களின்படி, இந்தியாவில் சோதிக்கப்பட்ட 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருட்கள் இருந்தன. மிகுதியாகச் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே உயர்ந்த விகிதம். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுக்கும் ஊட்டச்சத்து மாவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கம் 25 வயதில் தேசிய முகாமில் தொடங்குவதைவிட, 14 வயதில் பள்ளியில் தொடங்குவதே பயன் தரும்.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது மேலும் நுட்பமானது. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி மேற்கொள்ளும்போது மாதவிடாய் தடைப்படுவதும் எலும்பின் வலு குறைவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் இது இடம்பெற்றுள்ளது. ஆயினும் பயிற்சியாளர் ஆணாக இருக்கும் பள்ளியில் 13 வயது மாணவி இதை யாரிடம் பேசுவார் என்பதற்குப் பாடநூலில் விடையில்லை. பெண்கள் பிரிவில் பங்கேற்க ஒருமுறை மரபணுச் சோதனை அவசியம் என்ற விதியை உலகத் தடகள அமைப்பு 2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ள நிலையில், அந்தரங்கம் காத்து வழிகாட்டும் ஒருவர் பள்ளிக்கட்டத்திலேயே இருக்க வேண்டிய தேவை கூடியுள்ளது.

யார் கற்பிப்பது?

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் வலுவற்றவை அல்ல. முதலாவது, ஆள்பலம். அமெரிக்காவில் மாணவர்களின் விளையாட்டுக் காயங்களைத் தடுப்பதற்கும் கவனிப்பதற்கும் தனித் தொழில்முறைப் பயிற்சி பெற்றவர்கள் உள்ளனர். பல உயர்நிலைப் பள்ளிகளில் சுகாதார அறிவியல் பயிலும் மாணவர்கள் அவர்களிடமே செய்முறைப் பயிற்சி பெறுகின்றனர். சுளுக்குக்குக் கட்டுப் போடுதல், மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளை இனங்காணுதல் போன்றவற்றைக் கற்கின்றனர். அங்கேயும், 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 70 சதவீதத்துக்கு ஏதேனும் ஒரு வகையில் இச்சேவை கிடைத்தாலும், முழுநேரப் பணியாளர் இருந்தது 37 சதவீதப் பள்ளிகளில்தான். வளைகுடாவில் நடுத்தரக் கட்டணம் வாங்கும் இந்தியப் பள்ளிகள் இத்தகைய ஒருவரைத் தனியாக நியமிக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

இரண்டாவது, நேரம். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது தமிழ் மாணவர்கள் எல்லா நாடுகளிலும் அறிந்த வழக்கம். தமிழ்நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சராக 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின், அந்தப் பாடவேளைகளைக் கடன் வாங்க வேண்டாம் என்று ஆசிரியர்களைப் பொதுமேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் அவ்வாறு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்ததே அவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது காரணம் கவனமாகச் சிந்திக்க வேண்டியது. விளையாட்டையும் பாடமாக்கினால், பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சுதந்திரமான நேரமும் குறிப்பேடுகளாலும் தேர்வுகளாலும் நிரம்பிவிடும் என்ற அச்சம் நியாயமானது. இணைப்பு என்பது மைதானத்தை வகுப்பறையாக மாற்றுவதாக அமைந்தால், விளையாட்டும் இருக்காது, கல்வியும் இருக்காது.

எனினும் தேவையான மனிதர்கள் பெரும்பாலான பள்ளிகளில் ஏற்கெனவே உள்ளனர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். உயிரியல் ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பள்ளி மருத்துவ அறையின் செவிலியர் ஆகிய மூவரும் ஒரே கட்டடத்தில் தனித்தனியே பணியாற்றுகின்றனர். ஆஸ்துமா உள்ள மாணவர் யார் என்பது செவிலியருக்குத் தெரியும், பயிற்சியாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். யார் ஓடும்போது அடிக்கடி பின்தங்குகிறார் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும், செவிலியருக்குத் தெரியாமல் இருக்கலாம். மூவரும் மாதம் ஒருமுறை அமர்ந்து பேசுவதற்குப் புதிய நியமனமோ பெரிய நிதியோ தேவையில்லை. சி.பி.எஸ்.இ. கேட்கும் உடல்நலப் பதிவேடு ஆண்டுக்கொருமுறை நிரப்பப்படும் படிவமாக இருக்கப்போகிறதா, இம்மூவரும் படிக்கும் ஆவணமாக இருக்கப்போகிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்கும்.

ஓடாத பிள்ளைகள்

இதுவரை சொல்லப்பட்டவை பள்ளி அணியில் இடம்பெறும் மாணவர்களைப் பற்றியவை. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் மைதானத்துக்கே வராதவர்கள். 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 11 முதல் 17 வயது வரையிலானவர்களில் 81 சதவீதத்தினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களிடையே இது 85 சதவீதம். நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை.

வளைகுடாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இரட்டைச் சுமை உள்ளது. மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் அடங்கிய வட்டாரம், சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்கில் உலகிலேயே நீரிழிவு விகிதம் உயர்ந்த வட்டாரம். அவர்களின் பூர்வீகமான தமிழ்நாட்டின் நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரிடையே அதன் விகிதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிப் பேருந்து, குளிரூட்டப்பட்ட வகுப்பறை, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு என்ற வட்டத்துக்குள் வளரும் பிள்ளைக்கு இந்த எண்கள் தொலைதூரத்துச் செய்தியல்ல.

இவ்விடத்தில் இணைந்த கல்வியின் பயன் வீட்டுக்குள்ளும் செல்லக்கூடியது. சர்க்கரை மிகுந்த பானத்தின் மீது ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அரசு ஏன் வரி விதித்தது என்பதைப் புரிந்துகொண்ட மாணவர், குளிர்பதனப் பெட்டியில் இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்பார். உடல் நீரிழப்பின் அறிகுறிகளைத் தமது உடலிலேயே அறிந்தவர், கட்டுமானத் தளத்திலோ துறைமுகத்திலோ வெயிலில் வேலை செய்து திரும்பும் தந்தையின் சோர்வையும் தசைப்பிடிப்பையும் வேறு கண்களால் பார்ப்பார். வளைகுடா குறித்த தமிழர்களின் நினைவில் வெயில் என்பது பெரும்பாலும் தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. அதை அளந்து, அறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ள முடியும் என்பதை அடுத்த தலைமுறை பள்ளியில் கற்றுக்கொள்ளலாம்.

இனி என்ன?

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டைப் பிற பாடங்களுடன் இணைத்துக் கற்பிப்பதை வலியுறுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம், உடற்கல்வியையும் நல்வாழ்வையும் ஒரே பாடத்துறையாக வகைப்படுத்துகிறது. வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளுக்கும் இவை படிப்படியாக வந்து சேரும். ஆனால் தில்லியில் தயாராகும் ஒரு பாடத்திட்டம், புஜைராவின் ஈரக்காற்றையும் விடுமுறைக்குப் பிந்தைய செப்டம்பர் வாரங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கான விதிகளை அந்தந்தப் பள்ளிகளே வகுக்க வேண்டியுள்ளது.

வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் எத்தனை மணிக்கு மேல் வெயிலில் நிற்கக் கூடாது என்பதை இப்பிராந்தியத்தின் அரசுகள் சட்டத்தில் எழுதிவைத்துள்ளன. அவருடைய பிள்ளை எந்த வெப்பத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பதையும் ஒவ்வொரு பள்ளியும் எழுதிவைத்து, அதற்கான காரணத்தை அந்தப் பிள்ளைக்கே கற்பிக்குமானால், சுகாதார அறிவியலும் தடகளப் பயிற்சியும் உண்மையில் இணைந்துவிட்டன என்று கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கும் பெற்றோர், மைதானத்துக்கான இந்த விதியையும் கேட்கத் தொடங்குவார்களா என்பதைப் பொறுத்தே அது எவ்வளவு விரைவில் நடக்கும் என்பது அமையும்.